அரைத்த மாவு

மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்த பிறகு
வாஷிங் மெஷினைச் சாய்க்க முடியவில்லை என்னால்.
ப்ளோவ்டிவில் பிப்ரவரி.
கருவிப்பை கதவோரம் கிடக்கிறது,
வெளியே கூட்டிப் போகாத நாய் மாதிரி.
வாடகைக்கு மட்டும் கையும் காலும் நன்றாக இருக்கின்றன.

அரைத்த மாவையே அரைக்காதே என்பார்கள்.
என்னிடம் இருப்பதே அரைத்த மாவுதான்:
இருநூற்றுப் பதினொரு வீடியோ.
எட்டு வருடத்துத் துரு, நுரை, அடைப்பு,
டிரம்முக்குள் சிக்கிய கம்மல்,
ஒருமுறை, முழுசாக வெந்துபோன ஓர் எலுமிச்சை.

நறுக்கினேன்.
நாற்பது நிமிடத்தை நாற்பது நொடியாக்கினேன்.
தண்ணீர் வடியவில்லையா, கீழே அந்த மூடியைத் திற.
அதற்குமேல் எவருக்கும் பொறுமையில்லை.
பேசியதையெல்லாம் தட்டெழுதிச் சிறுநூலாக்கினேன்,
பிழைக் குறியீடுகள் கடைசிப் பக்கத்தில், விலை மூன்று லெவ.
தூக்கம் வராதவர்களுக்கென்று
துணி சுழலும் ஓசை மட்டும், எட்டு மணி நேரம்.
ஒசாகாவில் யாரோ தினமும்
த்ராக்கியா குடியிருப்பின் பருத்திச் சுழற்சியில் கண்ணயர்கிறார்.
ருமேனிய மொழிக்கு ஒரு வாடகைக் குரல் கிடைத்தது.
அந்த மொழியில் நான் பணிவானவள்.

வேண்டாததென்று வெட்டியது ஒன்றுதான்:
கேமராவுக்குப் பின்னாலிருந்து லியூபென்.
"வெளிச்சம் போதவில்லை, ராடோஸ்தினா."
"அது இல்லை, இடது பக்கத்து திருகு."
"பசிக்கிறது."
அண்ணன்.
கடையைப் பிரித்த அன்று
துளையிடும் எந்திரம் யாருடையது என்று தொடங்கியது.
அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு வரை போய்
ஐந்து வருடமாக முடியவில்லை.
ஒலிக்கோட்டில் மேடு தெரிந்தால் அவன்.
மேடு கண்ட இடமெல்லாம் கத்தி வைத்தேன்.

எண்பத்தெட்டாவதில் ஒரு மேட்டைத் தவறவிட்டேன்.
குழாய் தெறித்து என் முகமெல்லாம் சோப்புத் தண்ணீர்.
நான் அசையாமல் நிற்கிறேன், தூண் மாதிரி.
அவன் சிரிக்கிறான்.
மூச்சு முட்ட, கேமரா குலுங்க,
முதலில் கூரை தெரிய, பிறகு அவன் செருப்பு தெரிய.
பதினோரு நொடி.

விடிவதற்குள் நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்,
நான் சொல்லிக்கொடுத்த ஒரு திருகைக்கூட
முடுக்கிப் பார்த்திராதவர்கள்.
ஒரு சோப்புக் கம்பெனி அந்தச் சிரிப்பை விலைக்குக் கேட்டது.
ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்:
குரலுக்கு உரியவர் கையொப்பம்.

ஒரு பானைத் தேநீர் ஆறும்வரை கட்டத்தைப் பார்த்திருந்தேன்.
இடது கையால் நானே போட்டுவிடலாம்,
அவன் எழுத்தும் கோணல்தானே.
நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்?

பிறகு காகிதத்தை அவனுக்கு அனுப்பினேன்.
கூடவே அதுவரை வந்ததில் பாதி,
அறுநூற்று நாற்பது லெவ, சில்லறையோடு.
எதற்கான பணம் என்று வங்கி கேட்டது.
பதினோரு நொடி என்று நிரப்பினேன்.

மூன்று நாள் மாரிட்சா ஆற்றில் பனிக்கட்டி போனது.
நான்காம் நாள் காகிதம் திரும்பி வந்தது.
கட்டத்தை விட்டு வெளியே வழிந்த கையெழுத்து.
அதன்கீழ்,
நலமா என்றுகூட இல்லாமல்:
"எண்பத்தெட்டில் பெல்ட்டைப் புறம்மாற்றி மாட்டியிருக்கிறாய்.
அன்றைக்கே சொன்னேன்.
அதை வெட்டிவிட்டாய்."

வெட்டியதையெல்லாம் எறியவில்லை நான்.
'கழிவு' என்று பெயரிட்ட உறைக்குள்
நான்கு மணி பத்து நிமிடம் அவன்.
தேடி ஓடவிட்டேன்.
சொல்லித்தான் இருக்கிறான், இரண்டு தடவை.
இரண்டாவது தடவை கொஞ்சம் கெஞ்சலாக.

கார்லோவோ சாலை, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
அந்த மெஷின் இன்னும் ஓடுகிறதா என்று
போய்ப் பார்க்க வேண்டும்.
சாய்த்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.